பத்தொன்பது பேருக்கும் ரெண்டு

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் சம்பளப் பட்டியல் போடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் என்னை யாரும் அதிலிருந்து நீக்கவில்லை. நானும் விலகவில்லை. அடுத்தவர் வீட்டுச் சம்பளப் பட்டியலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் அதில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: “ஏழு பேருக்கு இந்த மாசம் வேலை நாள் ஜீரோ. ஈ.எஸ்.ஐ. பட்டியல்ல காரணக் கட்டத்துல என்ன போட?” பத்து நிமிஷத்துக்குள் பதினோரு பதில்கள் வந்துவிட்டன. பதினொன்றும் ஒன்றுதான். “2 போடுங்க மேடம்.”

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். கட்டை விரலால் கால் மணி நேரம் தட்டியும் பாதி விஷயம்கூட வரவில்லை. அழித்துவிட்டு அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கத்தில் விட்டுப்போனதையெல்லாம் எழுதினால் என்ன என்று தோன்றியது. அதனால்தான் இது.

முதலில் அந்தக் கட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சந்தாவை முதலாளிகள் மாதாமாதம் கட்ட வேண்டும். யார் யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள், என்ன சம்பளம் என்று ஒரு பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒருவர் ஒரு நாள்கூட வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று ஒரு எண்ணால் சொல்ல வேண்டும். விடுப்பில் இருந்தால் ஒன்று. வேலையை விட்டுவிட்டால் ரெண்டு. ஓய்வு பெற்றால் மூன்று. இறந்துபோனால் ஐந்து. முதலாளி ஆட்குறைப்பு செய்திருந்தால் பத்து. இன்னும் சில உண்டு. ஒரு மனிதர் வேலையில் இல்லாமல் போவதற்கு இத்தனை வழிகளா என்று முதன்முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் வேடிக்கை பார்த்ததோடு சரி. எல்லாரையும் போல நானும் ரெண்டே போட்டேன்.

நான் வேலை பார்த்தது தோல் ஷாப்பில். தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, எங்கள் பங்குக் கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு டீச்சர் அங்கே சேர்த்துவிட்டார். முதல் ஆறு மாதம் வாடைக்குப் பழகுவதில் போயிற்று. அடுத்த ஆறு மாதம் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு என்று கோடு போடுவதில் போயிற்று. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை வயர் பின்னினார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பணத்தைப் பிடித்தாலும் அது எங்கே போகிறது, யாருக்குத் திரும்பி வருகிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. தொழிலாளி சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்கிறோம், முதலாளி அதைப் போல மூன்று நான்கு மடங்கு தன் கையிலிருந்து போடுகிறார். நடுவில் வெகு காலம் முதலாளிக்கு நூற்றுக்கு நாலே முக்கால், தொழிலாளிக்கு ஒன்றே முக்கால் என்று இருந்தது. பிறகு மூன்றே காலும் முக்காலுமாக இறங்கியது. இதில்தான் காய்ச்சலுக்கு மருந்து, பிரசவத்துக்குச் சம்பளம், கை நசுங்கினால் உதவித்தொகை, ஆள் செத்தால் குடும்பத்துக்குப் பணம் எல்லாமே. அந்தச் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு போனபோது ஒரு மூலையில் இன்னொன்றும் இருந்தது. தன் தப்பு இல்லாமல் வேலை இழந்தவருக்கு, அடுத்த வேலை கிடைக்கும்வரை சில மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு. வேலையே இல்லாதவருக்குச் சம்பளமா என்று நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். அதற்கென்று தனியாக ஒரு பைசா பிடிப்பதில்லை. எல்லாம் அதே மூன்றே காலுக்குள் அடக்கம்.

மேனேஜர் காதர் மைதீனிடம் இதைச் சொன்னபோது, அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவரும் ஆச்சரியப்பட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தடிக்குச் சற்று மேல், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுதுவதற்கு, மற்றது கையெழுத்துக்கு மட்டும். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட மாட்டார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, உதடு அசைய ஒரு முறை படிப்பார். பிறகு மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அதற்கடியில் காகிதத்தைச் செருகிவிடுவார். “ஊறட்டும்மா” என்பார். மறுநாள் காலை டீ வந்ததும் அதை எடுத்து, நேற்றுப் பார்த்ததையே மறந்துவிட்டவர் போல மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பேனா வெளியே வரும்.

வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவசரம் சார் என்று சொன்னால், பச்சைத் தோலை ஊறப்போடாமல் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று என்னையே கேட்பார். முடி சரியாகக் கழலாது, தோல் வீணாகும் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் தலையாட்டிக்கொண்டே கண்ணாடியை இறக்கிவிடுவார். போகப் போக எனக்கே தெரிந்தது. மாதத்தில் இரண்டு தப்பாவது அந்தக் கண்ணாடிக்கடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு முறை இறந்துபோன ஒருவருக்கு நான் போனஸ் போட்டிருந்தேன். மறுநாள் காலை டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு, அவர் வந்து வாங்கிக்கொள்வாரா, நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

முதலாளி வீட்டுக் கல்யாணம் ஒன்றில்தான் இந்த வேலையிழப்புக் காப்பீட்டைப் பற்றி எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது. முதலாளியின் அண்ணன் மகன் ரியாஸ் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருந்தான். பிரியாணிப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவன், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டான். அதோடு அவனுக்குச் சாப்பாடு ஆறிப்போயிற்று. நான் கேட்க, அவன் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துபோய் அடுத்த பந்தியே உட்கார்ந்துவிட்டது.

அங்கே இதற்குத் தனி வரியே உண்டாம். பெரும்பாலும் தொழிலாளியிடம் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்ட வேண்டும். ஆளொருவருக்கு வருஷச் சம்பளத்தில் முதல் கொஞ்சத் தொகைக்கு மட்டும்தான் அந்த வரி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த விஷயம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விகிதம் இல்லை. புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு ஒரு பொது விகிதம். அதற்குப் பிறகு அவரவர் நடத்தையைப் பார்த்து விகிதம் ஏறும், இறங்கும். அடிக்கடி ஆளை வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனிக்கு வரி ஏறிக்கொண்டே போகும். ஆளை வைத்துக் காப்பாற்றுகிறவருக்குக் குறையும். அதனால் சில கம்பெனிகள், வெளியே போன ஆள் உதவித்தொகை கேட்டு மனுப் போட்டால், அவனாகத்தான் போனான் என்று எதிர்த்து எழுதுவதும் உண்டாம்.

எனக்கு அன்று இரவு வரை இதே நினைப்பு. ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பியவர் பெயரில் அது ஏறுகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் சந்தாச் செலானைக் கணினியில் எடுத்து, பேங்கில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கடைசித் தேதியில் ஊரில் உள்ள கணக்கர்கள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்போம். பூட்டுக் கம்பெனி, மில், பேக்கரி, தோல் ஷாப் எல்லாரும் இருப்பார்கள். அந்த வரிசையில் நின்றுகொண்டு நான் ரியாஸ் சொன்னதை ஒரு கதை மாதிரிச் சொன்னேன். எல்லாரும் ஆவென்று கேட்டார்கள். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு எங்கள் ஷாப்பில் ஆர்டர் குறைந்தது. டிரிம்மிங் பகுதியை மூடுவது என்று முதலாளி முடிவு செய்தார். பதனிட்ட தோலின் ஓரத்தைக் கத்தரித்து ஒழுங்கு செய்கிற வேலை அது. பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். ஒரு மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கொடுத்து, கையெழுத்து வாங்கி, நாளை முதல் வர வேண்டாம் என்று சொன்னோம். சொன்னது நான்தான். மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

அடுத்த மாதம் சந்தாப் பட்டியல் ஏற்றும்போது அந்தப் பத்தொன்பது பேருக்கும் வேலை நாள் ஜீரோ. காரணக் கட்டத்தில் முதல் பெயருக்கு ரெண்டு போட்டேன். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து மவுஸால் கீழே இழுத்தேன். பத்தொன்பது பேருக்கும் ரெண்டு விழுந்தது. கணினிப் பட்டியலை மேனேஜரின் கண்ணாடிக்கடியில் செருக முடியாது. பதினைந்தாம் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்று நானே ஏற்றிவிட்டு, சேமித்துவிட்டு, சாப்பிடப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து பழனியம்மாள் வந்தாள். டிரிம்மிங்கில் பதினான்கு வருஷம் இருந்தவள். பிறந்தது தொப்பம்பட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது நாகல் நகரில். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தோலைத் தடவிப் பார்த்து எங்கே கத்தி பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அன்று என் மேசைக்கு முன்னால் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள்.

வேலை இழந்தவர்களுக்கு மூன்று மாதம் வரை பாதிச் சம்பளம் கிடைக்கும் என்று அவள் மகள் போனில் படித்துச் சொல்லியிருக்கிறாள். நான் வருஷக்கணக்காக மடித்து வைத்திருந்த அதே பக்கம். காப்பீட்டுக் கிளை அலுவலகத்துக்கு மனுவோடு போயிருக்கிறாள். அங்கே கணினியைப் பார்த்துவிட்டு, நீங்களாகவே வேலையை விட்டதாக உங்கள் கம்பெனி பதிந்திருக்கிறது, தானாக விட்டவர்களுக்கு இது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இருந்ததைத்தான் சொன்னார்கள்.

“ஏனுங்க்கா, நான் எப்பங்க வேலைய விட்டேன்?” என்று கேட்டாள். “நாளையிலிருந்து வர வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். தான் எப்போது வேலையை விட்டோம் என்பதைத் தான் மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவள் போல இருந்தது அவள் முகம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதிவைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பது ரெண்டுகளும் வரிசையாக இருந்தன.

பிறகுதான் விஷயம் முழுதும் சொன்னாள். வத்தலக்குண்டு ரோட்டில் தோல் கையுறை தைக்கிற கம்பெனி ஒன்று தை பிறந்ததும் திறக்கப்போகிறது. தோல் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று அவள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கு நடுவில் மூன்று மாதம். இன்னொரு பக்கம், மில் ஒன்றுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் தினமும் வீட்டுக்கு வருகிறான். அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், முன்பணம் உடனே கையில் தருவான். அப்படிப் போனால் மகளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. கையுறைக் கம்பெனி வேலையும் போய்விடும்.

“மூணு மாசம் தாக்குப் புடிச்சாப் போதுங்க. நானே தேடிப் பாத்து நல்லதா ஒண்ணு புடிச்சுக்குவேன். இல்லீன்னா எதுல தள்றாங்களோ அதுல போயி விழோணும்.”

வருஷக்கணக்காக அந்தக் காப்பீடு எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டப் புத்தகத்தில் இருந்ததைவிட அவள் தெளிவாகச் சொன்னாள். அது சாப்பாட்டுக்கு மட்டும் கொடுக்கிற பணம் இல்லை. நிதானமாக அடுத்த வேலையைத் தேடுவதற்குக் கொடுக்கிற அவகாசம்.

பத்து நாளில் புரோக்கருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றே கடிதம் தயாரித்தேன். மேற்படி பத்தொன்பது பேரும் தாமாக விலகவில்லை, நிர்வாகமே ஆட்குறைப்பு செய்தது, பதிவில் தவறுதலாக எண் 2 இடப்பட்டுவிட்டது, அதை 10 என்று திருத்தக் கோருகிறோம் என்று எழுதி, பெயர்ப் பட்டியலையும் காப்பீட்டு எண்களையும் இணைத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். தவறு என்னுடையது என்று வாயாலும் சொன்னேன். அவர் விரல் வைத்துப் படித்தார். பத்து என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“யம்மா ஜெசிந்தா, பத்து போட்டா நமக்குச் சந்தா ஏறும்கிறாங்களே?”

அப்படி ஒன்றும் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றார். அதனால்தான் ஊரில் எந்தக் கம்பெனியிலும் பத்து போடுவதில்லை, ஆளை அனுப்பினாலும் ரெண்டுதான் போடுகிறார்கள் என்றார். காகிதம் கண்ணாடிக்கடியில் போயிற்று. இந்த முறை ஒரு நாளில் ஊறி முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கிளை அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஷாப்பிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கிருந்த அதிகாரி என் கேள்வியைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். நூறு பேரை அனுப்பினாலும் சரி, ஒருவரையும் அனுப்பாவிட்டாலும் சரி, எல்லாருக்கும் அதே மூன்றே கால்தான், இதில் ஏறுவது இறங்குவது எல்லாம் கிடையாது என்றார். பத்து நிமிஷ தூரத்தில் பதில் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் போய்க் கேட்டதில்லை.

சரி, இல்லாத ஒன்று ஊர் முழுக்க எப்படிப் பரவியது? வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் என் பழக்கம் விடவில்லை. உங்களுக்கு முதலில் சொன்னது யார் என்று மேனேஜரிடம் மறுபடி கேட்டேன். ஆடிட்டர் ஆபீஸ் கோபால் என்றார். கோபாலுக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதிய தனிஸ்லாஸ் அண்ணன் சொன்னதாகச் சொன்னார். தனிஸ்லாஸ் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பிடித்துக் கேட்டேன். எழுபது வயதிலும் ஞாபகத்தில் புலி அவர்.

“நீதானம்மா சொன்ன,” என்றார். “பேங்கு வரிசையில. செலானக் கையில வச்சு விசிறிக்கிட்டே சொன்ன. ஆள அனுப்புனா விகிதம் ஏறும்னு. அன்னைக்கிருந்து எங்க கம்பெனியில நான் பத்தே போட்டதில்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அமெரிக்காவில் என்று சொல்லித்தானே அண்ணே சொன்னேன் என்றேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் பாதி கேட்டிருப்பார், பின்னால் நின்றவர் கால்வாசி கேட்டிருப்பார். ஊர் பெயர் எங்கோ விழுந்துவிட்டது, பயம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஆளை அனுப்பத் தயங்கவைக்கிற ஏற்பாடு, இங்கே அனுப்பியதை மறைக்கவைத்துவிட்டது. நான் வேடிக்கையாகச் சொன்ன கதை எத்தனை பழனியம்மாள்களை ‘தானாக வேலையை விட்டவர்’ ஆக்கியதோ, எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி சொன்னது, கோபால் சொன்னது, தனிஸ்லாஸ் சொன்னது, கல்யாணப் பந்தி எல்லாம். அவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு கேட்டார்.

“ஊருக்கே சொல்லிக் குடுத்தது நீதானா?”

“அமெரிக்காவுலன்னு சொல்லித்தான் சார் சொன்னேன்.”

“அது பேங்கு வாசலத் தாண்டலையேம்மா.”

பிறகு கண்ணாடியைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தார். இன்னொரு சிக்கலும் இருந்தது, அது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆட்குறைப்பு என்று காகிதத்தில் எழுதினால் சட்டப்படி அதற்கான நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். முதலாளி கொடுத்திருந்த ஒரு மாதச் சம்பளத்தோடும் கிராஜுவிட்டியோடும் அது முடியாது. ரெண்டு போட்டால் அந்தக் கேள்வியே எழாது. சந்தா ஏறும் என்ற வதந்தி இத்தனை வருஷம் வசதியாக உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். முதலாளியைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், உங்களுக்கு வம்பு வேண்டாம் என்று நானே சொன்னேன். அவர் இரண்டாவது பேனாவை எடுத்துவிட்டார்.

“அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய ஹக்கும்மா இது. இதப் போயி இன்னும் ஊறப்போடவா?”

கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே முதலாளி அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளியின் குரல்தான் அதிகம். அரை மணி நேரம் கழித்து வந்து, சீல் எங்கே என்று கேட்டார். நஷ்டஈடு மூன்று தவணையில் என்று முடிவாகியிருந்தது. முதலாளி கெட்டவர் இல்லை, அந்த வருஷம் அவருக்கும் கழுத்துவரை கஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னைப் பார்த்தால் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்ப்பார்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள், வருகைப் பதிவேட்டையும் கொடுத்த பணத்துக்கான ரசீதுகளையும் காட்டச் சொன்னார்கள். புரோக்கர் வைத்த கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் பதிவு திருந்தியது. பழனியம்மாளுக்கு அன்றே போனில் சொன்னேன். பணம் கைக்கு வர இன்னும் சில வாரம் ஆகும் என்றேன். வரும் என்று தெரிந்தால் போதும், மகள் காதுத் தோட்டை வைத்து அதுவரை ஓட்டிக்கொள்கிறேன், புரோக்கரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லியும்விட்டாள்.

மற்ற பதினெட்டுப் பேருக்கும் நானே ஒவ்வொருவராகப் போன் போட்டேன். சிலர் எண் மாறிவிட்டது. சிலர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேர் மனுக் கொடுத்து வாங்கினார்கள். அதே மில்லுக்கு ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒருத்தி, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்பச் சொல்லி என்னக்கா?” என்று கேட்டாள். அவள் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் மவுஸை இழுக்காமல் இருந்திருந்தால் அவள் அங்கே போயிருக்க மாட்டாள்.

ஐம்பத்தெட்டு முடிந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு பிறகு எழவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசி மாதப் பட்டியலில் என் பெயருக்கு நேரே காரணக் கட்டத்தை நானே நிரப்பினேன்.  அனுப்பிவிட்டார்களா, நானாகப் போகிறேனா, வயதாகிவிட்டதா என்று யோசித்தேன். வயதாகிவிட்டதுதான் உண்மை, மூன்று போட்டேன். அந்தப் பட்டியலை மட்டும் அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கடியில் செருகினார். மறுநாள் காலை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

இதையெல்லாம் எழுதத் தோன்றியதற்கு வாட்ஸப் குழு மட்டும் காரணம் இல்லை. அதற்கு நாலு நாள் முன்னால் ஒரு ஞானஸ்நானத்துக்காக வத்தலக்குண்டு போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்தார்கள். பழனியம்மாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் பெரிய பை, பைக்குள்ளிருந்து சின்னக் கொசுவலை ஒன்று எட்டிப் பார்த்தது. கையுறைக் கம்பெனியில் சேர்ந்து இத்தனை வருஷமாகிவிட்டது, இப்போது தரம் பார்க்கிற மேசையில் இருக்கிறாளாம். மகளைத் தேனியில் கொடுத்திருக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம், அதற்குத்தான் போகிறாள்.

எத்தனை நாள் லீவு என்று கேட்டேன். ஒரு மாதம் முழுக்க என்றாள். தேனி பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஆபீஸ்ல கட்டத்தக் காட்டச் சொல்லி, லீவுக்கு ஒண்ணுதான் போடுவோம்னு கணக்குப் பாக்குற புள்ள வாயால சொன்ன பொறவுதானுங்க்கா கெளம்பினேன்.”